பயிற்சி நேரம் கணக்கில் வராது: சிறார் நீச்சல் போட்டிகள் நடைபெறும் முறை என்ன?

புதுடெல்லி: இத்தாலியின் ரோம் நகரில் 2021ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடைபெற்ற செட்டே கொல்லி நீச்சல் போட்டியில், 200 மீட்டர் பட்டர்ஃபிளை பிரிவைச் சஜன் பிரகாஷ் 1 நிமிடம் 56.38 விநாடியில் நீந்தி முடித்தார். டோக்கியோ ஒலிம்பிக்கிற்கு நேரடித் தகுதி பெறத் தேவைப்பட்ட 'ஏ' தர நேரம் 1 நிமிடம் 56.48 விநாடி. ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில், அந்தத் தர நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது.

அதே போட்டியின்போது நடத்தப்பட்ட 'டைம் ட்ரயல்' எனப்படும் தனி நேரச் சோதனையில், ஸ்ரீஹரி நடராஜ் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கை 53.77 விநாடியில் கடந்தார். தேவைப்பட்டது 53.85 விநாடி. எனினும் அவரது ஒலிம்பிக் தகுதி அன்றே உறுதியாகவில்லை. அந்தச் சோதனையில் பதிவான நேரத்தைச் சர்வதேச நீச்சல் சம்மேளனம் ஏற்றுக்கொண்ட பிறகே உறுதியானது.

வேகமாக நீந்துவது மட்டும் போதாது. அந்த வேகம் உரிய இடத்தில், உரியவர்கள் முன்னிலையில், உரிய விதிப்படி பதிவாக வேண்டும். ஒலிம்பிக் வீரருக்குப் பொருந்தும் இந்த நிபந்தனை, கோடை விடுமுறையில் நீச்சல் கற்றுக்கொண்டு முதன்முறையாகக் கழகப் போட்டியில் களமிறங்கும் 9 வயதுச் சிறுமிக்கும் அப்படியே பொருந்தும். பயிற்சியின்போது பயிற்சியாளர் கையிலிருந்த கடிகாரம் என்ன காட்டியது என்பதற்குக் குளத்துக்கு வெளியே மதிப்பில்லை. போட்டியில் பதிவாகும் நேரமே அடுத்த போட்டிக்கான நுழைவுச்சீட்டு. அந்த நேரம் எவ்வாறு உருவாகிறது, எங்கெல்லாம் கைநழுவிப் போகிறது என்பதை முதன்முறையாகப் பார்வையாளர் வரிசையில் அமரும் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது.

கழகத்திலிருந்து தேசியப் போட்டி வரை

இந்தியாவில் நீச்சல் விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பு இந்திய நீச்சல் சம்மேளனம். இதன் கீழ் மாநிலச் சங்கங்களும், அவற்றின் கீழ் மாவட்ட அமைப்புகளும், நீச்சல் கழகங்களும் இயங்குகின்றன. கழகங்கள் தங்களுக்குள் நடத்தும் போட்டிகள், மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி, தேசிய சப்-ஜூனியர் மற்றும் ஜூனியர் போட்டி என்பது வழக்கமான ஏணிப்படி. அண்மை ஆண்டுகளில் சப்-ஜூனியர், ஜூனியர் தேசியப் போட்டிகள் புவனேஸ்வரில் உள்ள கலிங்கா விளையாட்டரங்க வளாகத்தில் நடைபெற்றுள்ளன. பெங்களூரின் வலுவான கழகங்களால் கர்நாடகம் இந்தப் போட்டிகளில் நீண்டகாலமாக ஆதிக்கம் செலுத்தி வருகிறது. அதற்கும் பல தலைமுறைகளுக்கு முன்பே கொல்கத்தாவின் குளக்கரைக் கழகங்கள் நாட்டின் நீச்சல் வீரர்களை உருவாக்கி வந்தன.

இதற்கு இணையாக வேறு இரு பாதைகளும் உண்டு. ஒன்று, இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு 14, 17, 19 வயதுக்குட்பட்டோருக்கு நடத்தும் பள்ளிப் போட்டிகள். மற்றொன்று, 18 வயதுக்குட்பட்டோருக்கான கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகள். 2024 ஜனவரியில் தமிழ்நாடு நடத்திய கேலோ இந்தியா விளையாட்டுகளின் நீச்சல் போட்டிகள் சென்னை வேளச்சேரி நீச்சல் வளாகத்தில் நடைபெற்றன.

மாநிலப் போட்டிக்கும் அதற்கு மேலும் செல்ல, மாநிலச் சங்கத்தின் வழியாகச் சம்மேளனத்தில் பதிவு செய்து பதிவு எண் பெறுவது அவசியம். ஒரு வீரர் ஒரு மாநிலத்தின் சார்பில் மட்டுமே களமிறங்க முடியும். பெற்றோரின் பணி மாறுதலால் மாநிலம் மாறினால், பழைய சங்கத்திடமிருந்து தடையில்லாச் சான்று பெற வேண்டும். இதனைக் கடைசி நேரத்தில் கேட்டு அலைவதால் ஒரு பருவத்தையே இழப்பவர்கள் உண்டு.

டிசம்பர் 31 என்ற கோடு

நீச்சலில் வயது, போட்டி நடைபெறும் நாளை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை. அந்த ஆண்டின் டிசம்பர் 31ஆம் தேதியன்று எத்தனை வயது நிறைவடைந்திருக்குமோ அதுவே ஆண்டு முழுவதற்குமான போட்டி வயது. 2012 டிசம்பர் 31ஆம் தேதி பிறந்த குழந்தையும் 2013 ஜனவரி 1ஆம் தேதி பிறந்த குழந்தையும் ஒரே நாள் இடைவெளியில் பிறந்தவர்கள்; ஆனால் குளத்தில் அவர்களுக்கிடையே ஓர் ஆண்டு வித்தியாசம் உண்டு. 2012 ஜனவரியில் பிறந்தவரும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்தவரும் சம வயதினராகவே கருதப்படுவர். 11, 12 வயதில் பன்னிரண்டு மாத வளர்ச்சி என்பது உயரத்திலும் கை நீளத்திலும் கண்கூடாகத் தெரியும் வேறுபாடு. ஆண்டின் இறுதியில் பிறந்த குழந்தை பின்தங்குவதைத் திறமைக் குறைவாகக் கருதிவிடுவது பெற்றோர் செய்யும் பிழைகளில் பெரியது.

தேசிய ஜூனியர் போட்டியில் 15 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் முதல் பிரிவில் இடம்பெறுகின்றனர். அவர்களுக்கு இளையோர் அடுத்தடுத்த பிரிவுகளில் வருகின்றனர். கீழ்ப் பிரிவுகளின் வயது வரம்பு மாற்றத்துக்கு உட்பட்டது என்பதால், அந்தந்த ஆண்டின் சுற்றறிக்கையைப் பார்த்த பிறகே விண்ணப்பிக்க வேண்டும்.

இங்கேதான் இந்திய விளையாட்டின் பழைய நோயும் தலைகாட்டுகிறது. மாநில, தேசியப் போட்டிகளின் சான்றிதழ்கள் கல்லூரிச் சேர்க்கையிலும், ரயில்வே உள்ளிட்ட துறைகளின் வேலைவாய்ப்பிலும் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு வழிவகுப்பதால், வயதைக் குறைத்துக் காட்டும் தூண்டுதல் எழுகிறது. பிறந்து பல ஆண்டுகளுக்குப் பின் பதிவு செய்யப்பட்ட பிறப்புச் சான்றிதழ்கள் ஐயத்துடன் பார்க்கப்படுவதும், எலும்பு வளர்ச்சியைக் கொண்டு வயதைக் கணிக்கும் மருத்துவப் பரிசோதனைக்கு வீரர்கள் அனுப்பப்படுவதும் இதனாலேயே. வயதை மறைத்து வெல்லும் ஒவ்வொரு பதக்கமும், உண்மையான வயதுடன் அதே ஹீட்டில் நீந்திய வேறொரு குழந்தையிடமிருந்து பறிக்கப்பட்டதாகும்.

நுழைவு நேரம் எனும் முதல் கணக்கு

போட்டிக்கான படிவத்தில் பெயர், பிறந்த தேதி, பங்கேற்கும் பிரிவுகள் ஆகியவற்றுடன் 'நுழைவு நேரம்' என்ற கட்டமும் இருக்கும். அந்தப் பிரிவில் அந்த வீரர் முந்தைய போட்டிகளில் பதிவு செய்த சிறந்த நேரத்தை அதில் குறிப்பிட வேண்டும். இதுவரை போட்டியிடாதவர் என்றால் 'நேரம் இல்லை' என எழுதப்படும். ஹீட்களும் தடங்களும் இந்த எண்ணை வைத்தே பிரிக்கப்படுகின்றன. நேரம் இல்லாதவர்கள் பெரும்பாலும் முதல் ஹீட்டிலோ ஓரத் தடங்களிலோ இடம்பெறுவர்.

குழந்தைக்கு நல்ல தடம் கிடைக்கட்டும் என்று நுழைவு நேரத்தைக் குறைத்து எழுதும் ஆசை சிலருக்கு வருவதுண்டு. அதன் விளைவு, தன்னைவிட வெகுவேகமாக நீந்துபவர்களுக்கு நடுவே சிக்கி, பாதிக் குளத்திலேயே தனித்து விடப்படும் குழந்தை. தகுதி நேரம் நிர்ணயிக்கப்பட்ட போட்டிகளில் சான்று கேட்கப்படும் என்பதால், பொய்யான நேரம் பங்கேற்பையே ரத்து செய்துவிடக்கூடும்.

குளத்தின் நீளமும் கவனிக்கப்பட வேண்டும். 25 மீட்டர் குளத்தில் 100 மீட்டர் நீந்தும் வீரருக்கு மூன்று திருப்பங்கள் கிடைக்கின்றன. 50 மீட்டர் குளத்தில் ஒன்றுதான். ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரை உதைத்துப் பெறும் வேகம் நீந்திப் பெறும் வேகத்தைவிட அதிகம். எனவே ஒரே வீரரின் நேரம் சிறிய குளத்தில் குறைவாகவே வரும். உலக சாதனைகளே இரு நீளங்களுக்கும் தனித்தனியாகப் பராமரிக்கப்படுகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்புக் குளங்களில் எடுக்கப்பட்ட நேரத்தை மாநிலப் போட்டிப் பட்டியலுடன் ஒப்பிட்டு மகிழ்வதோ வருந்துவதோ பொருளற்றது. அத்தகைய குளங்கள் பல 25 மீட்டர் நீளம்கூட இருப்பதில்லை.

போட்டி நாள்

காலையில் போட்டி தொடங்குவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் குளம் ஆயத்த நீச்சலுக்குத் திறந்துவிடப்படும். ஒரே தடத்தில் பலர் வட்டமாகச் சுற்றி நீந்துவர். இந்த நேரத்தில் மேடையிலிருந்து குதிப்பது பொதுவாகத் தடை செய்யப்பட்டிருக்கும். கடைசிச் சில நிமிடங்களில் அதற்கென ஒதுக்கப்பட்ட தடங்களில் மட்டும் பாய்ந்து பழகலாம். கூட்டம் நிறைந்த குளத்தில் கீழே நீந்துபவர்மீது ஒருவர் விழுந்தால் ஏற்படக்கூடிய காயம் சாதாரணமானதல்ல என்பதால், நடுவர்கள் இதில் கண்டிப்புடன் நடந்துகொள்கின்றனர்.

ஆழமும் அவ்வாறே. தொடக்க மேடை அமைந்துள்ள பக்கத்தில், சுவரிலிருந்து 1 மீட்டர் முதல் 6 மீட்டர் வரையிலான பகுதியில் குறைந்தது 1.35 மீட்டர் ஆழம் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. ஆழம் குறைந்த குளங்களில் புதிய சிறார்களைக் குளக்கரையிலிருந்தோ, நீருக்குள்ளிருந்து சுவரை உதைத்தோ தொடங்கச் செய்வது வழக்கம். அவ்வாறு செய்யாத போட்டியில், குழந்தை தலைகீழாகப் பாய மறுக்கும் உரிமை பெற்றோருக்கும் பயிற்சியாளருக்கும் உண்டு. பதக்கத்துக்காக அதில் சமரசம் செய்துகொள்ள வேண்டியதில்லை.

போட்டிப் பட்டியல் சுவரில் ஒட்டப்படும். இப்போது பல இடங்களில் வாட்ஸ்ஆப் குழுவிலும் பகிரப்படுகிறது. அதில் மூன்று எண்களைக் குழந்தை அறிந்திருக்க வேண்டும்: பிரிவு எண், ஹீட் எண், தட எண். மூன்றையும் பேனாவால் கையிலேயே எழுதிக்கொள்வது சிறார் போட்டிகளில் காணக்கூடிய வழக்கம். தனது முறைக்குச் சுமார் 20 நிமிடங்களுக்கு முன் அழைப்பு அறைக்குச் சென்று பெயரைக் கூற வேண்டும். தின்பண்டக் கடை வரிசையில் நின்று அழைப்பைத் தவறவிட்ட குழந்தைக்காகப் போட்டி நிறுத்தப்படுவதில்லை. அதன் பெயருக்கு எதிரே 'தொடங்கவில்லை' என்ற குறிப்பே எஞ்சும்.

பின்னர் விசில் ஒலிகள். தலைமை நடுவர் ஊதும் தொடர்ச்சியான குறு விசில்கள், மேலாடைகளைக் களைந்து ஆயத்தமாகுமாறு கூறுபவை. அடுத்து வரும் நீண்ட விசிலில் மேடைமீது ஏற வேண்டும். பேக்ஸ்ட்ரோக் என்றால் அந்த விசிலில் நீருக்குள் இறங்கி, இரண்டாவது நீண்ட விசிலில் தொடக்க நிலைக்கு வர வேண்டும். தலைமை நடுவர் கையை நீட்டியதும் பொறுப்பு தொடக்க நடுவரிடம் செல்கிறது. 'டேக் யுவர் மார்க்ஸ்' என்ற ஆணைக்குப் பின் அனைவரும் அசைவற்று நின்றதும் ஒலி எழுப்பப்படும். ஒலிக்கு முன் கிளம்புபவருக்கு இரண்டாவது வாய்ப்பு இல்லை. முதல் தவறிலேயே தகுதிநீக்கம். ஒலி எழுந்த பிறகே தவறு உணரப்பட்டால் போட்டி தொடர்ந்து நடைபெறும். தவறு செய்தவர் முழுத் தூரமும் நீந்திக் கரையேறிய பின் முடிவை அறிந்துகொள்வார்.

ஹீட்டில் முதலிடம், பட்டியலில் 19ஆம் இடம்

'ஹீட்' என்பதைத் தமிழில் 'தகுதிச் சுற்று' என எழுதுவது செய்தித்துறையில் வழக்கம். சிறார் போட்டிகளைப் பொறுத்தவரை அந்த மொழிபெயர்ப்பு பெற்றோரைக் குழப்பிவிடுகிறது. பல கழகப் போட்டிகளில் இறுதிச்சுற்று என்பதே இல்லை. நீந்த வேண்டியவர்கள் 40 பேர், தடங்கள் 8 என்றால், அவர்களை ஐந்து குழுக்களாகப் பிரித்து நீந்தச் செய்கின்றனர். அந்தக் குழுவே ஹீட். ஐந்து ஹீட்களிலும் பதிவான நேரங்களை ஒன்றாக அடுக்கி முதல் மூன்று பேருக்குப் பதக்கம் வழங்கப்படுகிறது.

எனவே இரண்டாவது ஹீட்டில் முதலாவதாக வந்து, கையை உயர்த்தி மகிழும் குழந்தை, மாலையில் ஒட்டப்படும் பட்டியலில் 19ஆவது இடத்தில் இருக்கக்கூடும். இதில் அநீதி ஏதுமில்லை. மெதுவானவர்கள் முதலிலும், வேகமானவர்கள் கடைசி ஹீட்டிலும் நீந்துமாறு பட்டியல் அமைக்கப்பட்டிருப்பதே காரணம். இதை முன்கூட்டியே எடுத்துக் கூறாமல் விட்டால், வென்றதாக நினைத்த குழந்தையிடம் இல்லை என்று விளக்கும் வேதனையான கடமை பெற்றோருக்கு நேர்கிறது.

இறுதிச்சுற்று உள்ள பெரிய போட்டிகளில் முறை வேறு. வேகமான வீரர்கள் ஒரே ஹீட்டில் குவியாமல் கடைசி மூன்று ஹீட்களில் பகிர்ந்து வைக்கப்படுகின்றனர். முதல் வேக வீரர் கடைசி ஹீட்டிலும், இரண்டாமவர் அதற்கு முந்தையதிலும், மூன்றாமவர் அதற்கும் முந்தையதிலும் நடுத்தடத்தில் நீந்துவர். எட்டுத் தடங்கள் கொண்ட குளத்தில் வேகமானவருக்கு 4ஆம் தடம். பின்னர் 5, 3, 6, 2, 7, 1, 8 என வரிசை விரியும். தொலைக்காட்சியில் வீரர்கள் அம்பு முனை போல முன்னேறுவது இதனால்தான். மிகச் சிறந்த நேரம் கொண்ட எட்டுப் பேர் இறுதிச்சுற்றுக்குச் செல்வர். எட்டாவது இடத்தில் இருவர் சமநேரம் பெற்றால், அவ்விருவர் மட்டும் மீண்டும் நீந்தி முடிவு காண்பர்.

சமநேரத்தை ஏன் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளந்து பிரிப்பதில்லை என்ற கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தனிநபர் மெட்லி தங்கம், ஸ்வீடனின் குன்னர் லார்சனுக்கு 0.002 விநாடி வித்தியாசத்தில் அளிக்கப்பட்டது. அமெரிக்காவின் டிம் மெக்கீ வெள்ளியுடன் திரும்பினார். ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் கட்டுமானத்தில் இருக்கக்கூடிய நீள வேறுபாடே அந்த இடைவெளியைவிடப் பெரிது என்பது பின்னர் உணரப்பட்டு, நூறில் ஒரு பங்கு விநாடியுடன் அளவை நிறுத்திக்கொள்ளும் விதி வந்தது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் மகளிர் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் சிமோன் மானுவல், பென்னி ஓலெக்சியாக் இருவரும் 52.70 விநாடியில் முடித்ததால் இருவருக்கும் தங்கம் கிடைத்தது.

தகுதிநீக்கம் எதனால்?

சிறார் போட்டிகளில் கண்ணீர் பெருகும் இடம் தோல்வி அன்று; தகுதிநீக்கம். முடிவுப் பட்டியலில் 'டி.க்யூ.' என்ற இரண்டெழுத்து மட்டும் இருக்கும், நேரம் இருக்காது. நீந்திய தூரமும் வேகமும் அழிந்துபோனது போலக் குழந்தைக்குத் தோன்றும். காரணங்களோ பெரும்பாலும் ஒருசிலவே.

பிரெஸ்ட்ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை ஆகிய இரண்டிலும் ஒவ்வொரு திருப்பத்திலும் முடிவிலும் இரு கைகளும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். அவசரத்தில் ஒரு கை முந்திவிடுவதே இளம் வயதில் அதிகம் நிகழும் தவறு. பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் இரு கால்களும் ஒரே சீராக வெளிப்புறம் உதைக்க வேண்டும்; ஒரு கால் கத்தரிபோல் கீழ்நோக்கி அடித்தால் தவறு. கோடைப் பயிற்சி முகாமில் மூன்று வாரத்தில் கற்ற பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் இந்தக் குறை தங்கிவிடுவதும், திருத்தப் பல மாதங்கள் ஆவதும் பயிற்சியாளர்கள் அறிந்ததே. பட்டர்ஃபிளையில் களைப்படைந்த குழந்தை கால்களை மாற்றி மாற்றி அடிக்கத் தொடங்கும். அல்லது கைகளை நீருக்கு மேலே கொண்டுவர இயலாமல் நீருக்குள்ளேயே முன்செலுத்தும். இரண்டும் விதிமீறல்.

பேக்ஸ்ட்ரோக்கில் மல்லாந்த நிலையிலேயே முடிவுச் சுவரைத் தொட வேண்டும். சுவர் எங்கே இருக்கிறது என்று திரும்பிப் பார்க்கும் ஆவலில் குப்புறப் புரண்டால் தகுதிநீக்கம். சுவர் நெருங்குவதை அறிவிப்பதற்காகவே, இரு முனைகளிலும் 5 மீட்டர் தொலைவில் குளத்தின் குறுக்கே கொடித் தோரணம் கட்டப்பட்டுள்ளது. கொடியைக் கண்டதிலிருந்து எத்தனை கைவீச்சில் சுவர் வரும் என்பதை ஒவ்வொரு குழந்தையும் எண்ணிப் பழக வேண்டும். பழகிய குளத்தில் கொடி கட்டப்படவில்லை என்றால், போட்டியில் அதனால் பயன் இருக்காது.

ஃப்ரீஸ்டைல் இவற்றிலெல்லாம் தாராளமானது. எந்தப் பாணியிலும் நீந்தலாம், திருப்பத்தில் உடலின் எந்தப் பகுதியாலும் சுவரைத் தொடலாம். ஆனால் சுவரைத் தொடாமலேயே திரும்பிவிடக் கூடாது. தொடக்கத்துக்கும் திருப்பத்துக்கும் பின் 15 மீட்டருக்குள் தலை நீருக்கு மேலே வந்துவிட வேண்டும் என்ற விதி ஃப்ரீஸ்டைல், பேக்ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை மூன்றுக்கும் பொதுவானது.

அச்சம் கொண்ட குழந்தைக்குச் சொல்ல வேண்டிய ஒரு விதி உண்டு. ஃப்ரீஸ்டைலில் மூச்சு வாங்கினால் தரையில் நின்றுகொள்ளலாம், அது தவறாகாது. நடந்து முன்னேறக் கூடாது, அவ்வளவே. தடக் கயிற்றைப் பிடித்து இழுத்து முன்னேறுவதும் விதிமீறல். நின்று, மூச்சு வாங்கி, மீண்டும் நீந்தி முடித்த குழந்தையின் நேரம் முறையான நேரமாகவே பதிவாகும்.

தவறைக் காண்பவர் நீச்சல் பாணி நடுவராகவோ திருப்ப நடுவராகவோ இருக்கலாம். தகுதிநீக்கத்தை முடிவு செய்பவர் தலைமை நடுவர். ஐயம் எழுந்தால் அதன் பயன் வீரருக்கே என்பது நடுவர்களிடையே நிலவும் மரபு. முடிவை எதிர்த்து முறையிட வேண்டுமெனில், அந்தப் பிரிவு முடிந்த 30 நிமிடங்களுக்குள் அணி மேலாளர் எழுத்து மூலமாக, உரிய கட்டணத்துடன் அளிக்க வேண்டும் என்பது சர்வதேச நடைமுறை. அலைபேசியில் எடுத்த காணொலியுடன் குளக்கரைக்கு விரையும் தந்தையை நடுவர்கள் கேட்கப்போவதில்லை. தகுதிநீக்கத்துக்கான காரணத்தைப் பயிற்சியாளர் வழியாகக் கேட்டறிந்து, மறுநாள் பயிற்சியில் திருத்துவது குழந்தைக்குக் கூடுதல் பயன் தரும்.

மூன்று கடிகாரங்களும் ஒரு பலகையும்

பெரிய குளங்களில் ஒவ்வொரு தடத்தின் முனையிலும், கை பட்டவுடன் நேரத்தை நிறுத்தும் 'டச்பேட்' பலகை பொருத்தப்படுகிறது. தொடக்க ஒலியுடன் இணைக்கப்பட்ட இக்கருவி நூறில் ஒரு பங்கு விநாடி வரை அளக்கும். பலகையை அழுத்தித் தொட வேண்டும். மெல்லத் தடவிச் செல்லும் விரல்களை அது உணராமல் போகலாம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் செர்பியாவின் மிலோராட் சாவிச் சுவரை நோக்கி மிதந்து வர, மைக்கேல் பெல்ப்ஸ் கூடுதலாக ஓர் அரை வீச்சுப் போட்டு அழுத்தித் தொட்டார். 50.58, 50.59 எனப் பதிவான அந்த 0.01 விநாடியே, பெல்ப்ஸ் அந்த ஒலிம்பிக்கில் வென்ற எட்டுத் தங்கங்களில் ஒன்றைத் தீர்மானித்தது. செர்பியா அளித்த முறையீடு படங்களை ஆராய்ந்த பின் நிராகரிக்கப்பட்டது.

இந்தியாவின் மாவட்ட, கழகப் போட்டிகள் பலவற்றில் இந்தப் பலகை இருப்பதில்லை. கைக்கடிகாரமே அளவுகோல். முறைப்படி ஒரு தடத்துக்கு மூன்று பேர் நேரம் எடுக்க வேண்டும். இருவர் கடிகாரம் ஒரே நேரத்தைக் காட்டினால் அதுவே இறுதி. மூன்றும் வேறுபட்டால் நடுவிலுள்ளது ஏற்கப்படும். 41.28, 41.35, 41.50 எனப் பதிவானால் 41.35 என்பது முடிவு. இரண்டு கடிகாரம் மட்டும் இருந்தால் சராசரி. ஒரே ஒருவர் மட்டும் நேரம் எடுக்கும் போட்டிகளும் நடக்கவே செய்கின்றன.

கைக்கடிகார நேரம் பொதுவாகச் சற்றுக் குறைவாகவே வரும். தொடக்க ஒலியைக் கேட்டு விரல் அழுத்துவதற்குள் சிறு கணம் கழிந்துவிடுகிறது. முடிவிலோ வீரர் வருவதைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் அந்தத் தாமதம் அதே அளவுக்கு இருப்பதில்லை. கையில் எடுத்த நேரத்துடன் மாநிலப் போட்டிக்கு வந்து, மின்னணுப் பலகையில் கூடுதல் நேரம் காட்டப்படுவதைக் கண்டு மனம் உடையும் குழந்தை உண்மையில் பின்தங்கியிருக்காது. வசதியான நகரக் கழகத்துக் குழந்தைக்கும் சிறுநகரக் குழந்தைக்கும் இடையே உள்ள இடைவெளியில் ஒரு பங்கு இந்தக் கருவியில்தான் இருக்கிறது. முன்னவர் ஆண்டு முழுவதும் அந்தப் பலகையைத் தொட்டுப் பழகியவர். பின்னவர் அதனை முதன்முதலாகக் காண்பதே தேசியப் போட்டியில்.

ரிலே, உடை, மருந்து

நால்வர் நீந்தும் ரிலேயில், முன்னவர் சுவரைத் தொடுவதற்குள் அடுத்தவரின் கால் மேடையை விட்டு விலகினால் அணி முழுவதும் தகுதியிழக்கும். முதலாவதாக நீந்துபவரின் நேரம் மட்டும் தனிநபர் நேரமாகவும் ஏற்கத்தக்கது. மற்ற மூவரும் பறக்கும் தொடக்கம் பெறுவதால் அவர்களது நேரம் அவ்வாறு ஏற்கப்படுவதில்லை. நல்ல நேரம் தேவைப்படும் வீரரைப் பயிற்சியாளர் முதலில் இறக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உடலை இறுக்கி மிதக்கச் செய்த பாலியூரித்தேன் உடைகள் 2010 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டன. துணியாலான உடை மட்டுமே அனுமதி. சிறுவர்களுக்கு இடுப்பு முதல் முழங்கால் வரை, சிறுமியருக்குத் தோள் முதல் முழங்கால் வரை. பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள போட்டி உடை 10 வயதுக் குழந்தைக்குத் தேவையா என்றால், தேவையில்லை.

ஊக்கமருந்துப் பரிசோதனை சிறாருக்கும் உண்டு. அப்போது பெரியவர் ஒருவர் உடனிருக்கலாம். சளிக்குக் கடையில் வாங்கும் சில மாத்திரைகளில் உள்ள சூடோஎஃபெட்ரின், போட்டிக் காலத்தில் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் தடைக்குரியது. தேசியப் போட்டிக்குச் செல்லும் குழந்தைக்கு எந்த மருந்து தருவதாயினும், முன்கூட்டியே மருத்துவரிடம் இதனைக் கூறிவிட வேண்டும்.

எத்தனை வயதில்?

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் பங்கேற்றபோது, கொல்கத்தாவின் ஆரத்தி சாஹாவுக்கு 11 வயது. பின்னர் 1959 செப்டம்பரில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தவர் அவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் நீந்திய பெங்களூரைச் சேர்ந்த தினிதி தேசிங்கு, 14 வயதில் இந்திய அணியின் மிக இளைய போட்டியாளராக இருந்தார். இத்தகைய பெயர்கள் பெற்றோரின் ஆவலைத் தூண்டுவது இயல்பு. மறுபுறம், 2021இல் ரோம் நகரில் தர நேரத்தை எட்டியபோது சஜன் பிரகாஷுக்கு 27 வயது. 12 வயதில் உயரமாக வளர்ந்து பதக்கங்களைக் குவித்தவர்களைப் பின்னர் வளர்ந்தவர்கள் 16 வயதில் முந்திவிடுவது எல்லாக் குளங்களிலும் நிகழ்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வந்து பலரைக் குளத்திலிருந்து வெளியேற்றியும் விடுகிறது.

ஆகவே சிறார் போட்டியின் முடிவுப் பட்டியலில் பயிற்சியாளர்கள் முதலில் பார்ப்பது இடத்தை அல்ல. நுழைவு நேரத்துக்கும் முடித்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. 52.10 விநாடியில் நுழைந்து 49.84இல் முடித்த 19ஆவது இடக் குழந்தை, அன்றைய குளத்தில் மிக நன்றாக நீந்தியவர்களில் ஒருவராக இருக்கலாம்.

அந்தப் பட்டியலைப் பெற்றோரும் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். பெயரின் எழுத்துகள், பிறந்த ஆண்டு, கழகத்தின் பெயர், பதிவு எண் ஆகியவை சரியாக உள்ளனவா என்று பார்த்து, பிழையிருந்தால் போட்டி நிறைவடைவதற்கு முன்பே கழக மேலாளர் வழியாகத் திருத்தக் கோர வேண்டும். சான்றிதழ் அந்தப் பட்டியலிலிருந்தே அச்சிடப்படும். அடுத்த போட்டிக்கான நுழைவு நேரமும் அங்கிருந்தே எடுக்கப்படும்.